பாலைவன கோல்ஃப்: புல் முடிகிற இடம்

கேள்வி:

மார்ச் மாதம் அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் பீனிக்ஸ் போய் அங்குள்ள ரிசார்ட் கோல்ஃப் மைதானங்களில் ஆடிவிட்டு வந்தேன். படத்தில் அழகுதான். ஆடினால் எல்லாம் ஒரே அச்சு. பச்சைக் கம்பளம், சுற்றிலும் கள்ளி, பந்து கம்பளத்தை விட்டுப் போனால் போனதுதான். பாதி நாள் கார்ட் என்ற சிறு வண்டியில் உட்கார்ந்தே கழிகிறது. ஸ்காட்லாந்தின் கடற்கரை மைதானங்களுக்கு அந்த நிலத்தோடு ஓர் ஒட்டுறவு உண்டு. இவற்றுக்கு அது இல்லை. வீட்டுமனை விற்பதற்குத் தோட்டம் போட்டு, நடுவில் கொடி நட்டிருக்கிறார்கள் என்றே தோன்றியது. பாலைவன மைதானத்துக்கென்று சொந்தமாக ஒரு குணம் இருக்கிறதா?

14 அக்டோபர் 2023

பாதி ஒப்புக்கொள்கிறேன். மனை விற்கப் போட்டவை இங்கே நிறைய. பீனிக்ஸ் பக்கத்துச் சாண்ட்லருக்கு வந்த புதிதில் அப்படி ஒன்றில்தான் ஆடிக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். ஒரு கிரீனிலிருந்து (குழி இருக்கும் புல்தளம்) அடுத்த டீக்கு (முதல் அடி அடிக்கும் இடம்) போக இரண்டு தெருவைக் கடக்க வேண்டும். வழியில் ஒருவர் வீட்டு நீச்சல்குளம், இன்னொருவர் வீட்டு நாய். டீயில் போய் நிற்கும்போது ஸ்கோர் என்ன என்பதே மறந்திருக்கும்.

ஆனால் "எல்லாம் ஒரே அச்சு" என்பதை ஏற்கமாட்டேன். பாலைவன மைதானத்தை எடைபோட நான் பார்ப்பது ஒன்றைத்தான்: புல் எங்கே முடிகிறது, எப்படி முடிகிறது, அதற்கப்பால் என்ன இருக்கிறது. மற்ற ஊர்களில் ஃபேர்வே (ஒட்ட வெட்டிய ஆடுபாதை), அப்புறம் ரஃப் (கொஞ்சம் வளரவிட்ட புல்), அப்புறம் நெடும்புல் என்று தண்டனை படிப்படியாக ஏறும். இங்கே பல மைதானங்களில் படியே கிடையாது. பச்சை சட்டென்று நின்றுவிடும். ஒரு அடி தள்ளி சரளை, அதற்கடுத்து கள்ளி. நீங்கள் ஆடிவிட்டு வந்தவை இந்த ரகம் என்று நினைக்கிறேன்.

அந்த ஓரம் அப்படி இருப்பதற்குப் பெரிய காரணம் தண்ணீர்க் கணக்கு. பீனிக்ஸில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. 1980-ல் அரிசோனா நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து வந்த விதிகளில், இந்த வட்டாரத்தில் புதிதாகப் போடும் 18 குழி மைதானத்துக்கு 90 ஏக்கர் புல்லுக்கான நீர்தான் என்று வரம்பு வைத்தார்கள். பழைய பாணியில் எல்லை முதல் எல்லை வரை புல் போட்டால் இதைவிட எவ்வளவோ அதிகமாகும். அப்படியானால் எங்கே குறைப்பது? டீக்கும் ஃபேர்வே தொடங்கும் இடத்துக்கும் நடுவில். அங்கே யாருடைய பந்தும் விழக்கூடாது என்பதால் புல் எதற்கு என்று கேட்டார்கள். இரண்டு ஃபேர்வேக்களுக்கு நடுவிலும் அப்படியே. புல்லை மிச்சம் பிடித்த இடமெல்லாம் ஆடுகிறவருக்குத் தாண்டியே ஆகவேண்டிய இடமாகிவிட்டது. 180 கஜம் பறக்கவிடுகிறவருக்கு அது ஒன்றுமில்லை. 120 கஜம் அடிக்கிற என் மனைவிக்கு அதே இடத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

15 அக்டோபர் 2023

"இந்தப் பாணியை நிக்லாஸ்தான் தொடங்கினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. பிரபலப்படுத்தியவர் என்று சொல்லலாம். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த, பீனிக்ஸை ஒட்டிய ஸ்காட்ஸ்டேலில் இருக்கும் டெசர்ட் ஹைலண்ட்ஸில்தான் 1983 நவம்பரில் முதல் ஸ்கின்ஸ் கேம் (குழிக்குக் குழி பணம் வைத்து ஆடும் போட்டி) நடந்தது. நிக்லாஸ், ஆர்னால்ட் பால்மர், கேரி பிளேயர், டாம் வாட்சன் ஆடினார்கள். அதிகப் பணத்தை அள்ளியது பிளேயர். சகுவாரோ கள்ளிகளுக்கு நடுவில் பச்சைத் துண்டுகள் மிதப்பதைப் பலர் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் பார்த்தது அப்போதுதான். அதைப் பார்த்துவிட்டு மனை வியாபாரிகள் எல்லோரும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள்.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1962-ல், கேர்ஃப்ரீ என்ற சிற்றூரில் டெசர்ட் ஃபாரஸ்ட் மைதானம் வந்துவிட்டது. போட்டவர் ராபர்ட் லாரன்ஸ், எல்லோரும் அழைப்பது ரெட் லாரன்ஸ். நிலம் எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே விட்டுப் புல்லைப் போட்டார். குளம் இல்லை. ஃபேர்வேயில் பங்கர், அதாவது மணற்குழி, ஒன்றுகூட வைக்கவில்லை. பாலைவனமே இரண்டு பக்கமும் நிற்கும்போது பங்கர் எதற்கு?

ஆகவே நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். சட்டம் வருவதற்கு முன்பே ஒருவர் ஒல்லியான மைதானம் போட்டுக் காட்டியிருக்கிறார். சட்டம் வந்ததும் அது எல்லோருக்கும் கட்டாயம் ஆனது. விரும்பிச் செய்ததற்கும் கட்டாயத்துக்குச் செய்ததற்கும் வித்தியாசம் தரையில் தெரிகிறது. ஒரு உறுப்பினரின் தயவில் டெசர்ட் ஃபாரஸ்டில் ஆடக் கிடைத்தது. ஃபேர்வேக்கள் ஒரு பக்கம் சரிந்து திரும்பும். சரிவைப் பார்க்காமல் நடுவில் குறிவைத்தால் பந்து உருண்டு ஓரத்துக்குப் போய்விடும். அங்கே ஓரம் என்பது வெறும் எல்லைக்கோடு இல்லை, ஒவ்வொரு அடியிலும் அது கணக்கில் வருகிறது. அதைப் பார்த்து வந்த பல மைதானங்களில் ஃபேர்வே தட்டை, ஓரம் செங்குத்து.

15 அக்டோபர் 2023, இரவு

இப்போது ஆட வரலாமா என்று கேட்டவருக்கு: வரவேண்டாம். இது மறுவிதைப்பு மாதம். கோடையில் இருக்கும் பெர்முடா புல்லை ஒட்டச் சிரைத்துவிட்டு, மேலே ரை புல் விதை தூவித் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். பாதி மைதானங்கள் இரண்டு மூன்று வாரம் மூடியிருக்கும். திறந்திருப்பதில் கார்ட்டைப் பாதையை விட்டு இறக்க விடமாட்டார்கள்.

26 அக்டோபர் 2023

கொஞ்சம் விலகிப் போகிறேன். செடோனாவில் செவன் கேன்யன்ஸ் மைதானத்தை ஹாவலினாக் கூட்டம் உழுதுபோட்ட வீடியோவை இந்த வாரம் எத்தனை பேர் அனுப்பிவிட்டீர்கள்! ஹாவலினா என்பது பார்க்கக் காட்டுப்பன்றிபோல இருக்கும் பிராணி, பன்றிக் குடும்பம் இல்லை. ஃபேர்வேக்கு அடியில் இருக்கும் புழுவைத் தேடித் தரையைச் சுருட்டிவிட்டது. சுற்றுவட்டாரத்திலேயே ஈரமான மண் அது ஒன்றுதான். வராமல் என்ன செய்யும்?

இங்கே கீழே, பீனிக்ஸ் பக்கம், எனக்குப் பழக்கம் முயலும் காடையும். காடைக் குடும்பம் டீயை வரிசையாகக் கடந்து முடிக்கும்வரை காத்திருப்பதுதான் மரியாதை. கோடையில் பந்து தேடும்போது புதருக்குள் கையை விடாதீர்கள். கிலுகிலுப்பைப் பாம்பு நிழலுக்காக அங்கேதான் கிடக்கும்.

19 நவம்பர் 2023

விதிகளைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பாம்பு பக்கத்தில் இருந்தால் தண்டனையில்லாமல் வேறு இடத்தில் பந்தைப் போடலாம், ஆபத்தான பிராணி என்று விதியே சொல்கிறது. கள்ளிக்கு அந்தச் சலுகை இல்லை. அது அங்கேதான் முளைத்திருக்கிறது, நீங்கள்தான் அங்கே அடித்தீர்கள். கள்ளிக்குப் பக்கத்தில் நின்று அடிக்க வேண்டியிருந்தால் துண்டை எடுத்து உங்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளலாம். அதே துண்டைக் கள்ளியின் மேல் போட்டால் தண்டனை. நான் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை, ஆனால் அதிகாரபூர்வமான விளக்கத்திலேயே இருக்கிறது. ஆட்டக்காரர் தன்னைக் காத்துக்கொள்ளலாம், அடிக்கும் இடத்தின் நிலையைத் தனக்குச் சாதகமாக மாற்றக்கூடாது என்பதுதான் கணக்கு.

2019-ல் விதிகளைத் திருத்தியபோது, நீர் இல்லாத இடத்தையும், பாலைவனம் உட்பட, தண்டனைப் பகுதி என்று மைதானக் குழு குறித்துக்கொள்ள அனுமதித்தார்கள். இங்கே அதற்கு முன்பே ரிசார்ட்டுகளில் அதுதான் நடைமுறை. பந்து எந்த இடத்தில் எல்லையைத் தாண்டியதோ அதற்குப் பக்கத்தில் ஒன்றைப் போடு, ஒரு அடியைக் கூட்டிக்கொள், நகர்ந்துபோ. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. தண்டனைப் பகுதி என்று சிவப்புக் கோடு போட்டதும் பாலைவனம் ஒரு குளம் ஆகிவிடுகிறது. உள்ளே போய்ப் பந்தைப் பார்த்து, இதை அடிக்கலாமா, பின்னாலே தட்டிவிட்டு வரலாமா என்று யோசிக்கிற சுவை போய்விடுகிறது. எனக்கு அந்தச் சுவை பிடிக்கும். பையில் அயர்ன் எனப்படும் இரும்பு மட்டை, பழைய ஏழாம் நம்பர் ஒன்று வைத்திருக்கிறேன், கல்லில் அடிப்பதற்கென்றே. உள்ளூர்க்காரர்கள் பலர் இப்படி ஒரு ராக் அயர்ன் வைத்திருப்பார்கள். கூடவே ஒரு சீப்பும் வையுங்கள். சோய்யா என்றொரு கள்ளி, துண்டு துண்டாகக் கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் எடுத்தால் கையிலும் ஒட்டும். சீப்பை நடுவில் கொடுத்துச் சுண்டிவிட வேண்டும்.

20 நவம்பர் 2023

ராக் அயர்ன் என்று தனியாக விற்கிறார்களா என்று கேட்காதீர்கள். கராஜில் கிடக்கும் துரு பிடித்தது எதுவோ அதுதான்.

30 டிசம்பர் 2023

விடுமுறையில் வந்திருந்த மைத்துனரை அழைத்துக்கொண்டு டாக்கிங் ஸ்டிக்கிலும் வீகோபாவிலும் ஆடினேன். முதல் கேள்விக்குச் சரியான பதில் இந்த இரண்டு இடங்களில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இரண்டும் பூர்வகுடி சமூகங்களின் நிலம். டாக்கிங் ஸ்டிக், சால்ட் ரிவர் பிமா-மரிகோபா சமூகத்துடையது. வீகோபா, ஃபோர்ட் மெக்டவல் யாவபாய் நேஷனுடையது. அதனால் மனை விற்கும் வேலை இல்லை, ஃபேர்வே ஓரத்தில் வீடும் இல்லை. வீடு இல்லாததால் ஒரு குழிக்குப் பக்கத்திலேயே அடுத்த குழியைத் தொடங்க முடிகிறது. அதனால் நடக்க முடிகிறது. நீங்கள் கார்ட்டைக் குறைசொன்னீர்களே, அந்தக் குறை பாலைவனத்தின் மேல் போடவேண்டியது இல்லை, மனை வரைபடத்தின் மேல் போடவேண்டியது.

டாக்கிங் ஸ்டிக்கில் முன்பு வடக்கு என்று அழைத்த மைதானத்தைப் போட்டவர்கள் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும். கிரென்ஷா மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை இரண்டு முறை வென்றவர். நிலம் ஏறக்குறைய மேசை மாதிரி தட்டை. மலை தூரத்தில் தெரிகிறது, அவ்வளவுதான். படம் எடுக்க ஒன்றும் கிடைக்காது. மைத்துனர் முதல் டீயில் நின்றுகொண்டு "இதற்கா இவ்வளவு காசு?" என்றார்.

இரண்டாவது குழி ஐந்து பார், அதாவது ஐந்து அடியில் முடிக்கவேண்டியது. இடது ஓரம் முழுக்க வேலி, அதற்கப்பால் ஆட்ட எல்லைக்கு வெளியே. வலப்பக்கம் தாராளமான இடம், யார் வேண்டுமானாலும் அங்கே அடித்துவிடலாம். ஆனால் வலப்பக்கம் போகப்போக கிரீனுக்கான கோணம் கெட்டுக்கொண்டே வரும். வேலியை ஒட்டி அடித்தவருக்குத்தான் கிரீன் திறந்து கிடக்கும். வேறு ஒன்றுமே செய்யவில்லை. மண்ணை நகர்த்தவில்லை, குளம் வெட்டவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு வேலியை எடுத்துக் கேள்வியாக மாற்றிவிட்டார்கள். மைத்துனர் வலப்பக்கமே சுகமாக அடித்து ஏழு போட்டார். நான் வேலிப்பக்கம் துணிந்தேன், நானும் ஏழுதான். ஆனால் என்னுடையதில் ஒரு நியாயம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே புல்லின் ஓரம் வெட்டு இல்லை. புல் மெலிந்து, திட்டுத்திட்டாகி, கெட்டித்தரை ஆகி, அப்புறம்தான் புதர். பந்து போனாலும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். அடிக்கவும் முடியும், நன்றாக வருமா என்பது வேறு விஷயம்.

வீகோபாவில் இரண்டு மைதானம். சோய்யா, ஸ்காட் மில்லர் போட்டது, 2001. சகுவாரோ, கூர்-கிரென்ஷா, 2006. முதலாவது கண்ணுக்கு விருந்து. உயரமான டீ, கீழே பள்ளம், அக்கரையில் பச்சை. ஒவ்வொரு டீயிலும் தாண்டு தாண்டு என்கிறது. இரண்டாவதில் ஃபேர்வே அகலம், கிரீனின் முன்வாசல் பெரும்பாலும் திறந்திருக்கும், தரையில் உருட்டிக்கொண்டு போகலாம். ஒரே நிலம், ஒரே மலை, ஒரே கள்ளி. ஆனால் இரண்டும் வேறு வேறு விளையாட்டு. புல் அளவு குறைவாக இருந்தாலும் அதை எங்கே செலவழிப்பது என்பது வடிவமைப்பவர் கையில் இருக்கிறது. தாண்டிப் போகும் இடத்தில் மிச்சம் பிடித்து, பந்து விழும் இடத்தில் அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள்.

2 ஜனவரி 2024

"அப்படியானால் தாண்டி அடிக்கும் குழிகளே மோசமா?" இல்லை. ஒரு மைதானத்தில் இரண்டோ மூன்றோ இருந்தால் நெஞ்சு படபடக்கும், நல்லது. பதினெட்டும் அப்படி இருந்தால் அது வேலை.

இன்னொன்றும் சேர்க்கவேண்டும். எல்லாத் தாண்டல்களும் புல்லை மிச்சம் பிடித்ததால் வந்தவை இல்லை. இங்கே வறண்ட ஓடைகள் நிறைய. ஆண்டில் பெரும்பாலான நாள் மணல்தான். ஆகஸ்டில் ஒரு மாலை மழை கொட்டினால் காரை இழுத்துப் போகும். அவற்றைத் தூர்த்து ஃபேர்வே போட விடமாட்டார்கள், போட்டாலும் ஓடை தன் வழியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே குழிகள் ஓடையைக் குறுக்கே தாண்டும், இல்லையென்றால் ஓடையோடு கூடவே போகும். கூடவே போகிறவை எனக்குப் பிடித்தவை.

தோண்டுவதும் லேசு இல்லை. ஓரிரு அடிக்குக் கீழே கலிச்சே என்ற சுண்ணாம்புப் படிவம், சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். மரம் நடவே அதை உடைத்துத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் நீர் வடியாமல் வேர் அழுகும்.

21 ஜனவரி 2024

மரம் என்றதும் ஞாபகம். இங்கே மைதானம் போடும்போது முதல் வேலை மரக்கணக்கு. சகுவாரோ, பாலோ வெர்டே, அயர்ன்வுட், மெஸ்கிட் எல்லாவற்றுக்கும் எண் அட்டை கட்டி, பெயர்க்கக்கூடியதைப் பெட்டியோடு பெயர்த்து நர்சரியில் வைத்து, அப்புறம் திரும்ப நடுவார்கள். அரிசோனாவின் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் நகர விதிகளும் அப்படி. சகுவாரோவை இடம் மாற்றும்போது பழைய இடத்தில் எந்தப் பக்கம் தெற்கைப் பார்த்ததோ அதே பக்கம் தெற்கைப் பார்க்கும்படி நடவேண்டும். இல்லையென்றால் வெயில் பழகாத பக்கம் வெந்துபோகும். முதல் கை முளைக்கவே 50 முதல் 75 ஆண்டு ஆகிற செடி அது. இடம் மாற்றியது பிழைத்ததா செத்ததா என்பது தெரியவே சில ஆண்டுகள் ஆகும். பத்தாவது டீ பக்கத்தில் கம்பீரமாக நிற்பது உண்மையில் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே டிரைவர் மட்டையால் அடிப்பேன்.

மெஸ்கிட் யார் என்று பார்த்தால் நம்ம ஊர்ச் சீமைக்கருவேலத்தின் சொந்தக்காரர். அங்கே வேரோடு பிடுங்க நீதிமன்றம் வரை போகிறார்கள். இங்கே எண் அட்டை கட்டி உபசாரம். பெர்முடா புல்லோ பிள்ளையாருக்குச் சாற்றும் அருகம்புல்லேதான், மைதானங்களில் போடுவது அதன் கலப்பினங்கள். ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து அருகம்புல் வளர்க்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "கிள்ளிக்கொண்டு வா" என்றார்.

11 பிப்ரவரி 2024

பீனிக்ஸ் ஓப்பன் என்ற தொழில்முறைப் போட்டி நடக்கும் வாரம். நேற்று கூட்டம் தாங்காமல் நுழைவாயிலை மூடி, மது விற்பனையையும் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். முன்னால் இரண்டு நாள் மழை பெய்ததில் புல்மேடுகள் எல்லாம் சேறு. நின்று பார்க்க இடமில்லை, இருந்த காய்ந்த இடத்தில் எல்லோரும் அப்பிக்கொண்டார்கள்.

அந்தப் போட்டி நடக்கும் டிபிசி ஸ்காட்ஸ்டேல் பாலைவன மைதானமா என்பது இங்கே பழைய சண்டை. டாம் வைஸ்கோப், ஜே மோரிஷ் இருவரும் போட்டது, 1986. பதினாறாவது குழியை எல்லோருக்கும் தெரியும், 160 கஜத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும் மூன்று பார். சுற்றிவர அரங்கம் இல்லாவிட்டால் அந்தக் குழியை ஒருவரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். 1997-ல் டைகர் உட்ஸ் அங்கே ஒரே அடியில் குழியில் போட்டபோது இன்றைக்கு இருக்கும் அரங்கம் இல்லை. அப்போதே பீர்க் கோப்பை மழை.

எனக்கு அதைவிட சுவாரசியம் மைதானம் உட்கார்ந்திருக்கும் இடம். அது மத்திய அரசின் நிலம். கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுவரும் கால்வாயைக் காப்பதற்குப் போட்ட கரைக்குப் பின்னால், வெள்ளம் வந்தால் தேங்கி நிற்பதற்கென்று விட்ட பள்ளத்தில் கட்டியிருக்கிறார்கள். மேடுகள் எல்லாம் மனிதர் போட்டவை. மழையில் சேறாவதற்குக் குறை சொல்ல முடியாது, அந்த நிலத்துக்கு வேலையே அதுதான்.

தெற்கே இண்டியன் பெண்ட் வாஷ் இன்னும் நல்ல கதை. வெள்ளத்தைக் கடத்த ராணுவப் பொறியாளர்கள் கான்கிரீட் கால்வாய் போடத் திட்டமிட்டார்கள். ஸ்காட்ஸ்டேல் மக்கள் வேண்டாம் என்று மல்லுக்கட்டி, சுமார் 18 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்காவும் கோல்ஃப் மைதானங்களுமாக ஒரு பச்சைப் பட்டையை வாங்கிக்கொண்டார்கள். வெள்ளம் வந்தால் புல்மேல் ஓடும், வடிந்ததும் ஆடலாம்.

12 பிப்ரவரி 2024

நிக் டெய்லர் பிளே-ஆஃபில் (சமமாக முடித்தவர்களுக்கான கூடுதல் ஆட்டம்) ஜெயித்துவிட்டார். அந்தப் பாறைக் கதையை ஏன் விட்டாய் என்று கேட்கிறீர்கள். சரி.

1999, இதே பீனிக்ஸ் ஓப்பன், கடைசிச் சுற்று, பதின்மூன்றாவது குழி. டைகரின் பந்து பாலைவனத்துக்குள் போய் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் நின்றது. தரையில் புதையாத கல் எதுவானாலும் விதிப்படி தளர்பொருள், நகர்த்தலாம். எவ்வளவு பெரிய கல் என்று விதியில் இல்லை. நடுவரைக் கேட்டார், ஆகட்டும் என்றார். வேடிக்கை பார்க்க வந்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பாறையை உருட்டிவிட்டார்கள். போட்டியை ஜெயித்தது ராக்கோ மீடியேட், ஆனால் பேசப்படுவது பாறைதான்.

எனக்கு அந்தச் சம்பவம் பிடிப்பது வேறு காரணத்துக்கு. டைகர் பாலைவனத்துக்குள் நின்று யோசித்தார். சிவப்புக் கோடு போட்டிருந்தால் பந்தை எடுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார், கதையே இல்லை.

3 மார்ச் 2024

துபாயிலிருந்து ஒரு நண்பர் சூடாக எழுதியிருக்கிறார்: "அமெரிக்காவில் மட்டும்தான் பாலைவனமா?" நியாயம்.

எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் மஜ்லிஸ் மைதானம், கார்ல் லிட்டன் வடிவமைத்தது, 1988-ல் திறந்தார்கள். வளைகுடாவில் முழுக்கப் புல் போட்ட முதல் 18 குழி மைதானம் அதுதான். கிளப் கட்டடம் பெதூயின் கூடாரங்களின் வடிவம். மறு ஆண்டே டெசர்ட் கிளாசிக் போட்டி வந்துவிட்டது. அன்றைக்குச் சுற்றிலும் மணல்தான், இன்றைக்குச் சுற்றிலும் கோபுரங்கள். அது பாலைவனத்தோடு பேசுகிற மைதானம் இல்லை. பாலைவனத்தை நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று சொல்கிற மைதானம். அதே பேச்சை லாஸ் வேகஸ் பக்கம் ஷாடோ கிரீக் இன்னும் உரக்கப் பேசும், டாம் ஃபேசியோ 1989-ல் போட்டது. தட்டைப் பாலைவனத்தில் மேடு எழுப்பிப் பைன் மரம் நட்டு, வெளியே என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் மறைத்துவிட்டார்கள். அதையும் ஒரு சாதனை என்று ஒப்புக்கொள்கிறேன். பாலைவன மைதானங்களின் பட்டியலில் மட்டும் சேர்க்கமாட்டேன்.

ஆனால் வளைகுடாவில் எனக்கு மறக்க முடியாதது புல்லே இல்லாத மைதானம். அரிசோனாவுக்கு வருவதற்கு முன் அங்கே வேலை பார்த்தபோது கோல்ஃப் கற்றுக்கொண்டதே அதில்தான். எண்ணெய்க் கம்பெனிகளில் இருந்தவர்கள் அந்தக் காலத்தில் போட்டது அந்த மாதிரி. கிரீனுக்குப் பதில் பிரவுன்: மணலில் எண்ணெய் கலந்து கெட்டிப்படுத்திய வட்டம். பட் செய்து, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டி, முடித்ததும் துடைப்பத்தையோ சாக்கையோ இழுத்துக் காலடித் தடத்தை அழித்துவிட்டு வரவேண்டும். ஃபேர்வே என்பது நட்டுவைத்த கம்புகளுக்கு நடுவில் இருக்கும் மணல். கையில் ஒரு செயற்கைப் புல் துண்டு. ஃபேர்வேக்குள் விழுந்தால் துண்டை விரித்துப் பந்தை அதன்மேல் வைத்து அடிக்கலாம். வெளியே விழுந்தால் கிடந்த நிலையில்தான்.

9 மார்ச் 2024

முந்தைய குறிப்பை எழுதிவிட்டு ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். புல்லின் ஓரம்தான் எல்லாம் என்று அக்டோபரிலிருந்து சொல்லி வருகிறேன். பிரவுன் மைதானத்தில் ஓரமே கிடையாதே, அப்படியானால் அதற்குக் குணம் இல்லையா?

இருந்தது, வேறு மாதிரி. ஓரம் தரையில் இல்லை, கம்பில் இருந்தது. ஒரே மணல்தான், கம்புக்கு இந்தப் பக்கம் துண்டு உண்டு, அந்தப் பக்கம் இல்லை. ஒரு சாண் தள்ளி விழுந்ததற்காகச் சாயங்காலம் முழுக்கத் தகராறு செய்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத ஓரத்துக்கு அவ்வளவு சண்டை. ஆஸ்திரேலியாவில் கூபர் பெடி என்ற ஓபல் சுரங்க ஊரிலும் புல் இல்லாத மைதானம் உண்டு, அங்கேயும் கையோடு புல் துண்டு. பகல் வெயிலுக்குப் பயந்து ஒளிரும் பந்து வைத்து இரவிலும் ஆடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஆடுகிறவர்களுக்கு நம்முடைய 90 ஏக்கர் புலம்பல் சிரிப்பாகத்தான் இருக்கும்.

7 ஜூலை 2024

46 டிகிரி. விடியும்போதே டீயில் நிற்கிறோம். கட்டணம் குளிர்காலத்தில் கேட்பதில் பாதிகூட இல்லை, சுற்றுலா வந்தவர்கள் ஒருவரும் இல்லை. காற்று சூடாகி அடர்த்தி குறைவதால் பந்து கொஞ்சம் கூடுதலாகப் பறக்கிறது. என் திறமை என்று நினைத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த மைதானங்களைக் கோடையில் பார்த்தால்தான் உண்மை முகம். ரை புல் செத்து, பெர்முடா மட்டும் தாக்குப்பிடிக்கிறது. ஓரங்களில் அது தன்னிஷ்டத்துக்கு மெலிந்து சரளைக்குள் கலந்துவிடுகிறது, ஜனவரியில் இருக்கும் கத்தரித்த வெட்டு இல்லை. சில மைதானங்கள் இப்போது தண்ணீரை மிச்சம் பிடிக்க ஃபேர்வேயில் மறுவிதைப்பை நிறுத்திவிட்டு, குளிர்காலத்தில் பெர்முடாவைப் பழுப்பாகவே தூங்க விடுகின்றன. வந்து ஆடுகிறவர்கள் "புல் காய்ந்துகிடக்கிறது, காசைத் திருப்பிக் கொடு" என்கிறார்களாம். பழுப்புத் தரையில் பந்து ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்திருந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

14 ஜூலை 2024

"கலிஃபோர்னியாப் பக்கம் பிஜிஏ வெஸ்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே" என்பவருக்கு. லா கின்டாவில் பீட் டை போட்ட ஸ்டேடியம் மைதானம், 1986. பதினேழாவது குழிக்கு அல்கட்ராஸ் என்று பெயர், பாறை விளிம்பு கட்டிய தீவு கிரீன். 1987-ல் பாப் ஹோப் போட்டியை அங்கே நடத்தியதும் தொழில்முறை ஆட்டக்காரர்களே மனு எழுதிக் கொடுத்து நிறுத்த வைத்தார்கள். 2016-ல்தான் போட்டி அங்கே திரும்பியது. எனக்கு அது பாலைவனத்துக்குச் சம்பந்தம் இல்லாத நல்ல மைதானம் என்று படுகிறது, ஆனால் நேரில் ஆடாமல் அதிகம் பேசக்கூடாது. லா கின்டா இருக்கும் பள்ளத்தாக்கில் எல்லா பட்டும் இண்டியோ ஊர்ப்பக்கம் வளையும் என்பது கேடிகளின் (பையைத் தூக்கி வந்து யோசனை சொல்பவர்களின்) நெடுநாள் வாக்கு, கண்ணுக்கு எதிர்ப்பக்கம் சரிவதாகத் தெரிந்தாலும்கூட. என் மைத்துனர் நவம்பரில் அங்கே பதிவு செய்திருக்கிறார். கண்ணை நம்பாதே, கேடியை நம்பு என்று சொல்லியிருக்கிறேன். காசு அவருடையது.